கேட்டில் நிற்பவருக்கு ஈமெயில் பாடம் எதற்கு?

கேள்வி: வணக்கம் சார். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் எச்ஆர் பார்க்கிறேன். மொத்தம் 620 பேர். ஆபீஸில் 80 பேர். மீதிப் பேர் கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். எல்லாருக்கும் செக்யூரிட்டி டிரெய்னிங் கொடுத்ததற்கு ஆதாரம் வேண்டும் என்று அமெரிக்க பையர் ஒருவர் கேட்டதால் போன வருஷம் ஆன்லைன் கோர்ஸ் ஒன்று வாங்கினோம். 12 பாடம், எல்லாமே இங்கிலீஷ். டெய்லர்களைப் பத்துப் பத்துப் பேராக கேன்டீனுக்கு அழைத்து டிவியில் போட்டுக் காட்டிக் கையெழுத்து வாங்கினோம். போன மாதம் ஆடிட் வந்தது. ஆடிட்டர் நேராக கேட்டுக்குப் போய் செக்யூரிட்டி அண்ணனிடம், "கண்டெய்னர் சீல் நம்பர் பேப்பரில் இருப்பதோடு ஒத்துப்போகவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். அண்ணன், "மேடத்தைக் கேளுங்க" என்றார். அவருடைய சான்றிதழில் 'பாஸ்வேர்டு பாதுகாப்பு: 92 மதிப்பெண்' என்று இருக்கிறது. அவருக்கு ஈமெயிலே கிடையாது சார். அந்தத் தேர்வை எழுதியது நான்தான். இப்போது டிபார்ட்மெண்ட் வாரியாகப் பிரித்துக் கொடு என்கிறார் எம்டி. பையரோடு ஆர்டர் பேசுகிற மெர்ச்சண்டைசர்களிடம் சொன்னால், "எங்களுக்கு மட்டும் எதற்கு அதிகம், சந்தேகமா?" என்கிறார்கள். எத்தனை குழுவாகப் பிரிப்பது? எம்டியும் படிக்க வேண்டுமா? கோர்ஸை மார்ச்சில் புதுப்பிக்க வேண்டும். பெயர் வேண்டாம்.

பதில்:

வணக்கம்ங்க. அந்த 92 உங்களுடையது என்று ஒத்துக்கொண்டீர்கள் பாருங்கள், அதற்காகவே உங்கள் கடிதத்தை முதலில் எடுத்தேன். இருபது வருஷமாகக் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குகிறேன். கேட்காரருக்கு எச்ஆர் தேர்வு எழுதிக் கொடுப்பதை எத்தனையோ இடத்தில் பார்த்துவிட்டேன். சொன்னவர் நீங்கள் ஒருவர்தான்.

எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று அளவு பிரித்து வெட்டித் தைத்து அனுப்புகிற ஊர் உங்களுடையது. பயிற்சியை மட்டும் ஃப்ரீ சைஸில் வாங்கியிருக்கிறீர்கள். அது கேட்காரருக்குத் தொளதொள, அக்கவுண்டண்டுக்குக் கழுத்துகூட நுழையாது.

முதலில் அந்த ஆடிட் எதற்கு வந்தது என்று பார்க்கலாம். கண்டெய்னர் சீலைப் பற்றி ஒருவர் அவ்வளவு குறிப்பாகக் கேட்டார் என்றால் அது சி-டிபாட் ஆடிட்டாகத்தான் இருக்கும். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, அதே வருஷம் நவம்பரில் அமெரிக்க சுங்கத் துறை தொடங்கிய சரக்குப் பாதுகாப்புத் திட்டம் அது. திருப்பூர்க் கம்பெனி யாரும் அதில் உறுப்பினர் ஆவதில்லை. அங்கே இறக்குமதி செய்கிறவர் உறுப்பினர். அவர் தனக்குச் சரக்கு அனுப்புகிற உங்களிடம் அந்த விதிகளைக் கடைப்பிடிக்கச் சொல்கிறார். அதன் குறைந்தபட்ச விதிகளில் பயிற்சிக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. எல்லாருக்கும் பொதுவான விழிப்புணர்வு வேண்டும், முக்கியமான இடத்தில் இருப்பவர்களுக்கு அவரவர் பொறுப்புக்கு ஏற்ற தனிப் பயிற்சி வேண்டும் என்பது அதன் சாரம். பயிற்சி நடந்த தேதி, வந்தவர்கள் பெயர், என்ன சொல்லிக் கொடுத்தீர்கள் என்ற மூன்றும் பதிவில் இருக்க வேண்டும். டிவி, இங்கிலீஷ், 12 பாடம் எதையும் அதில் யாரும் கேட்கவில்லை. பையர் 'செக்யூரிட்டி' என்றார்; நீங்கள் கம்ப்யூட்டர் என்று எடுத்துக்கொண்டீர்கள். அவர் கேட்டதில் பாதி பூட்டு, சாவி, சீல், லாரி சம்பந்தப்பட்டது.

அடுத்து உங்கள் எம்டி சொன்ன 'டிபார்ட்மெண்ட் வாரியாக'. பாதி தூரத்துக்கு அது சரியாக வரும், அதற்குப் பிறகு இழுக்கும். உங்கள் ஆபீஸ் பாயை எடுத்துக்கொள்ளுங்கள். ரெஜிஸ்டரில் அவர் 'பொது'. ஆனால் செக்கை பேங்குக்கு எடுத்துப் போவது அவர், எம்டி அறைச் சாவி அவரிடம், கூரியரில் வரும் சாம்பிளைப் பிரிப்பதும் அவர்தான். டிபார்ட்மெண்ட்டைப் பார்த்துப் பிரித்தால் அவர் கேன்டீன் அக்காவோடு சேர்ந்து உட்கார்ந்திருப்பார். அதனால் வேறு கேள்வி கேளுங்கள்: இந்த ஆளை ஒருவன் பத்து நிமிஷம் ஏமாற்றிவிட்டால் கம்பெனிக்கு என்ன போகும்? பணம் போகுமா, சரக்கு போகுமா, ஆட்களின் ஆதார் நகல் போகுமா, மொத்த கம்ப்யூட்டரும் முடங்குமா, அல்லது அவருடைய சொந்த ஜிபே கணக்கில் இருக்கும் காசு மட்டும் போகுமா? இந்தப் பதிலை வைத்துப் பிரியுங்கள். ஒருவர் கையில் என்ன இருக்கிறது என்பதுதான் கணக்கு. பதவியும் டிபார்ட்மெண்ட்டும் அதற்குப் பிறகு.

திருடுகிறவன் எப்போதோ பிரித்துவிட்டான். 2011-இல் ஆர்எஸ்ஏ என்ற கம்பெனிக்குள் புகுந்தார்கள். மற்றவர்களின் கம்ப்யூட்டர்களுக்குப் பூட்டு விற்கிற கம்பெனி அது. புகுந்தவர்கள் எல்லா ஊழியருக்கும் மெயில் அனுப்பவில்லை. அதிகம் பிரபலமில்லாத இரண்டு சின்னக் குழுக்களைப் பார்த்து, '2011 ஆள்சேர்ப்புத் திட்டம்' என்ற தலைப்பில் ஒரு எக்செல் கோப்பு அனுப்பினார்கள். அது குப்பைப் பெட்டிக்குத்தான் போனது. ஒருவர் அதிலிருந்து தேடி எடுத்துத் திறந்தார். யாருக்கு எது ஆசை காட்டும் என்று அவன் பார்த்துப் பார்த்து அனுப்புகிறான். நாம் எல்லாருக்கும் ஒரே வீடியோ போடுகிறோம்.

இனி உங்கள் ஆட்களுக்கு வருகிறேன். கேட்டிலிருந்தே தொடங்கலாம், அடி விழுந்த இடம் அதுதான்.

கேட்காரர், லோடிங் சூப்பர்வைசர், பேக்கிங் இன்சார்ஜ், இவர்களோடு ஷிப்பிங் பார்க்கிற பையன். நாலைந்து பேரிலிருந்து பதினைந்து பேர் வரை வரும். இவர்களுக்கு வகுப்பறை வேண்டாம், கண்டெய்னர் வரும் நாளில் கண்டெய்னர் பக்கத்திலேயே நடத்துங்கள். காலி கண்டெய்னர் வந்ததும் ஏழு இடம் பார்க்க வேண்டும்: முன்சுவர், இடப்பக்கம், வலப்பக்கம், தரை, கூரை, கதவு உள்ளும் புறமும், அடிப்பாகம். வெறும் கண்ணால் பார்த்தால் போதாது. தட்டிப் பார்க்க வேண்டும், உள்ளளவை டேப் பிடித்துப் பார்க்க வேண்டும். பொய்ச்சுவர் வைத்த கண்டெய்னர் தட்டும்போது வேறு சத்தம் கொடுக்கும். இதை ஆயிரம் ஸ்லைடு போட்டாலும் சொல்லிக் கொடுக்க முடியாது, ஒரு தடவை தட்டிக் காட்டினால் மறக்காது. சீலுக்கு நாலு வேலை: பார், நம்பரைச் சரிபார், இழு, திருகு. கண்டெய்னர் கதவில் போடும் போல்ட் சீலில் 'எச்' என்ற எழுத்து இருக்க வேண்டும். ஐஎஸ்ஓ 17712 தரத்தில் உயர் பாதுகாப்பு வகை என்பதற்கான அடையாளம் அது. திருகும்போது கழன்று வந்தால் அது ஏற்கெனவே யாரோ கைவைத்த சீல்.

நம்பர் ஒத்துப்போகவில்லை என்றால் என்ன செய்வது? ஆடிட்டர் கேட்ட கேள்வியே அதுதான். உங்கள் அண்ணனுக்குப் பதில் தெரியாததற்குக் காரணம் பயிற்சி இல்லாதது மட்டும் என்று நான் நினைக்கவில்லை. வண்டியை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இருக்கிறதா? ராத்திரி பதினோரு மணி, தூத்துக்குடியில் கப்பலுக்குச் சரக்கு சேர வேண்டிய கட் ஆஃப் நேரம் நெருங்குகிறது, டிரைவர் ஹாரன் அடிக்கிறார், ஷிப்பிங் மேனேஜர் போனில் கத்துகிறார். மாசம் பதினைந்தாயிரம் வாங்குகிறவர் அந்த நேரத்தில் கேட்டைச் சாத்துவாரா? 'சீல் நம்பர் ஒத்துவராத வண்டியை கேட் செக்யூரிட்டி நிறுத்தலாம், அதற்காக அவரை யாரும் கேள்வி கேட்க மாட்டோம்' என்று எம்டி கையெழுத்துப் போட்ட ஒரு தாளைத் தமிழில் அடித்து கேட் ரூமில் ஒட்டுங்கள். அதற்குக் கீழே இரண்டு போன் நம்பர். அந்தத் தாள் இல்லாமல் கொடுக்கிற எந்தப் பயிற்சியும் கேட் ரூம் வாசலைத் தாண்டாது. ஒட்டின பிறகு, மாதம் ஒரு தடவை வேண்டுமென்றே ஒரு நம்பரைத் தப்பாக எழுதிக் கொடுத்துப் பாருங்கள். நிறுத்தினால் எல்லார் முன்னாலும் நூறு ரூபாய் கொடுங்கள்.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. உங்கள் கேட்காரர் உங்கள் ஆளா, ஏஜென்சி ஆளா? பெரும்பாலான கம்பெனியில் ஏஜென்சி ஆள்தான், மாசத்துக்கு ஒருவர் மாறுகிறார். அவர் பெயர் உங்கள் சம்பளப் பட்டியலில் இல்லை, அதனால் பயிற்சிப் பட்டியலிலும் வர மாட்டார். ஹவுஸ்கீப்பிங், லாரி டிரைவர், ஜாப் ஒர்க் கொடுக்கிற இடத்து ஆட்களும் இப்படித்தான். சம்பளப் பட்டியலை வைத்துக் குழு பிரித்தால், சரக்குக்கு மிக நெருக்கமாக நிற்பவர்கள் அத்தனை பேரும் வெளியே போய்விடுவார்கள். கேட் பாஸ் ரெஜிஸ்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

அடுத்தது பணம். மெர்ச்சண்டைசர்கள், அக்கவுண்ட்ஸ், டாக்குமெண்டேஷன். உங்கள் மெர்ச்சண்டைசர்களின் கோபத்துக்கும் இங்கேயே பதில் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு ஏற்றுமதிக் கம்பெனி. ஐரோப்பிய பையரோடு எட்டு வருஷப் பழக்கம். சரக்கு போய்விட்டது, இன்வாய்ஸும் போய்விட்டது. மூன்று வாரம் கழித்துப் பணம் எங்கே என்று கேட்டால், "அப்போதே அனுப்பிவிட்டோமே, நீங்கள் சொன்ன புதுக் கணக்குக்கு" என்கிறார் பையர். புதுக் கணக்கு என்று இவர்கள் எதுவும் சொல்லவில்லை. யாரோ ஒருவன் மெர்ச்சண்டைசரின் மெயில்பாக்ஸுக்குள் இரண்டு மாதமாக உட்கார்ந்து எல்லாக் கடிதத்தையும் படித்துக்கொண்டிருந்தான். 'இன்வாய்ஸ்' என்ற சொல் வரும் மெயிலெல்லாம் தனக்கும் ஒரு நகல் வருகிற மாதிரி ஒரு விதியை அதில் எழுதி வைத்திருந்தான். சரியான நேரத்தில், கம்பெனி பெயரில் 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டி எழுதிய ஒரு முகவரியிலிருந்து, அதே நடையில், அதே "டியர் சார்" போட்டு, "ஆடிட் காரணமாகக் கணக்கு மாறியிருக்கிறது" என்று எழுதினான். பணம் போனதுதான். பையர் தன் பேங்க்கிடம் சொல்லித் திரும்பக் கேட்கச் செய்தார். அதற்குள் மூன்று வாரம் ஓடியிருந்தது.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. இந்த வகை ஈமெயில் மோசடியில் 2023-இல் மட்டும் சுமார் 290 கோடி டாலர் போனதாக அமெரிக்க எஃப்பிஐயிடம் புகார்கள் வந்திருக்கின்றன. ஆனால் மெர்ச்சண்டைசர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லாதீர்கள். அந்தக் கம்பெனி கதையைச் சொல்லுங்கள். "உங்களைச் சந்தேகப்பட்டு அதிகப் பாடம் இல்லை, கம்பெனிக்குள் வருகிற அத்தனை டாலரும் உங்கள் இன்பாக்ஸ் வழியாகத்தான் வருகிறது" என்று சொல்லுங்கள். அது முகஸ்துதி இல்லை, உண்மை.

அவர்களுக்குப் பாடம் நீளமாக இருக்க வேண்டியதில்லை, குறிப்பாக இருக்க வேண்டும். அனுப்புநர் முகவரியை எழுத்து எழுத்தாகப் படிப்பது, தன் மெயில்பாக்ஸில் தான் போடாத விதி ஏதாவது இருக்கிறதா என்று மாதம் ஒரு தடவை திறந்து பார்ப்பது, கணக்கு மாற்றம் பற்றி யார் எழுதினாலும், மெயிலில் இருக்கும் நம்பரை விட்டுவிட்டு, ஏற்கெனவே கையில் இருக்கும் நம்பருக்குக் கூப்பிட்டுக் கேட்பது. இதோடு பையர்களுக்கு ஒரு கடிதம் இப்போதே அனுப்பிவிடுங்கள்: 'எங்கள் கணக்கு மாறியதாக மெயில் வந்தால் நம்பாதீர்கள், போன் செய்யுங்கள்' என்று. வகுப்பில் பேசியதைவிட அந்தக் கடிதம் அதிகப் பணத்தைக் காப்பாற்றும். அக்கவுண்ட்ஸில் ஒரு பைசா தப்பான இடத்துக்குப் போனது தெரிந்தால் அடுத்த நிமிஷம் பேங்குக்கும் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கும் கூப்பிட வேண்டும்; யாரைக் கேட்க வேண்டும் என்று யோசிக்கக் கூடாது.

டாக்குமெண்டேஷன் பிரிவில் இன்னொன்றைப் பாருங்கள். டிஎஸ்சி டோக்கன். எம்டியின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் அந்தச் சின்ன யுஎஸ்பி யாருடைய டிராயரில் இருக்கிறது? அதன் ரகசிய எண் டோக்கன் மேலேயே ஸ்டிக்கரில் எழுதி ஒட்டியிருக்கிறதா? நான் போன இடங்களில் பாதிக்குமேல் ஒட்டித்தான் இருந்தது. அது எம்டி கையெழுத்துப் போட்ட வெற்றுத்தாள் மாதிரி. அதைத் தொடுகிறவர் எந்த டிபார்ட்மெண்ட்டாக இருந்தாலும் பணக் குழுவில் சேருங்கள்.

நீங்களும் ஒரு குழு. எச்ஆர். 620 பேரின் ஆதார் நகல், பேங்க் பாஸ்புக், பிஎஃப் எண் எல்லாம் உங்களிடம். அறிமுகமில்லாதவர் அனுப்பும் கோப்பைத் திறப்பதே வேலையாக இருக்கும் ஒரே டிபார்ட்மெண்ட்டும் உங்களுடையதுதான். பயோடேட்டா என்று எது வந்தாலும் திறப்பீர்கள். வங்கதேச மத்திய வங்கியிலிருந்து 2016 பிப்ரவரியில் 8.1 கோடி டாலரைத் திருடியவர்கள், அதற்கு ஒரு வருஷம் முன்பே வேலை கேட்டு மெயில் அனுப்பித்தான் வலை விரித்தார்கள் என்று அமெரிக்க நீதித்துறையின் குற்றச்சாட்டு சொல்கிறது. (அதே திருட்டில் இலங்கைக்கு அனுப்பப் பார்த்த 2 கோடி டாலர், 'ஃபவுண்டேஷன்' என்ற சொல்லில் இருந்த எழுத்துப்பிழையால் சந்தேகம் வந்து மாட்டிக்கொண்டது. இங்கிலீஷ் ஸ்பெல்லிங் யாருக்காவது உதவியதைப் பார்த்தீர்களா!) உங்களுக்கு இரண்டு பழக்கம் போதும். பயோடேட்டாவைப் பிடிஎஃப் கோப்பாக மட்டும் வாங்குங்கள், அதையும் பிரவுசரிலேயே பாருங்கள். ஆதார் நகலை வாட்ஸ்ஆப் குழுவில் போடுவதை இன்றோடு நிறுத்துங்கள். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் பாதுகாப்பில் கோட்டை விட்டவர்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. உங்கள் கம்பெனிக்கு அவ்வளவு விழாது என்றுதான் நினைக்கிறேன். எம்டியிடம் அந்த எண்ணைச் சொன்னால் பூட்டு வைத்த பீரோ சீக்கிரம் வரும்.

சிஸ்டம் அட்மின் தம்பி ஒருவர் இருப்பார். அவரை உங்கள் கோர்ஸில் உட்கார வைக்காதீர்கள், மரியாதை போய்விடும். வெளியே முறையான பயிற்சிக்கு அனுப்புங்கள். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று யார் போன் செய்தாலும் முகம் பார்க்காமல் மாற்றிக் கொடுக்கக் கூடாது என்ற ஒரு விதியை மட்டும் நீங்கள் எழுதிக் கொடுங்கள். கம்ப்யூட்டரில் ஏதாவது நடந்தால் செர்ட்-இன் என்ற மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்புக்கு 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் வெளியான விதி இருக்கிறது. அது அவர் சுவரில் இருக்கட்டும்.

எம்டியும் படிக்க வேண்டுமா என்று கேட்டீர்கள். அவர்தான் முதலில். மோசடிக்காரன் பேசுவது எப்போதும் அவர் குரலில்தான். 2024 தொடக்கத்தில் ஹாங்காங்கில் அரூப் என்ற பொறியியல் நிறுவனத்தின் நிதிப் பிரிவு ஊழியர் ஒருவர் வீடியோ கூட்டத்தில் உட்கார்ந்தார். எதிரே லண்டன் நிதி அதிகாரியும் சக ஊழியர்களும் பேசினார்கள். அத்தனை பேரும் கம்ப்யூட்டர் செய்த பொய் முகங்கள். 20 கோடி ஹாங்காங் டாலர் போனது. உங்கள் எம்டி வாட்ஸ்ஆப்பில், "மீட்டிங்கில் இருக்கேன், அந்த பார்ட்டிக்கு உடனே போட்டு விடு" என்று அனுப்புகிற பழக்கம் உள்ளவரா? அப்படியென்றால் அவர் தன் அக்கவுண்டண்டை ஏமாறுவதற்கு வருஷம் முழுக்கத் தயார் செய்துகொண்டிருக்கிறார். அவருக்கு இருபது நிமிஷம் போதும். பாடம் ஒன்றுதான்: நான் சொன்னாலும் இரண்டாவது ஆள் சரிபார்க்காமல் பணம் போகக் கூடாது, அப்படித் திருப்பிக் கேட்பவர் மேல் நான் கோபப்பட மாட்டேன். இதை அவர் அக்கவுண்ட்ஸ் ஆட்கள் முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் மகன் கம்பெனிக்கு வருகிறார் என்றால் அவரும்.

கடைசியாகத் தையல் தளம். 540 பேர். இவர்கள் ஏமாந்தால் கம்பெனிக்குப் போவது கொஞ்சம்தான், அவர்களுக்குப் போவது நிறைய. அதனால் பாடத்தை அவர்கள் பக்கமிருந்து தொடங்குங்கள். கேஒய்சி முடியவில்லை என்று வரும் மெசேஜ், ஐந்து நிமிஷத்தில் கடன் தரும் ஆப், ஓடிபி கேட்கும் 'பேங்க் மேனேஜர்'. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தங்கச்சிகள் சம்பளத்தை ஊருக்கு அனுப்புவது போனில்தான். தன் காசைக் காப்பாற்றச் சொல்லிக் கொடுத்தவர் சொன்னால், "அடையாள அட்டை இல்லாத ஆள் லைனில் நடந்தால் சூப்பர்வைசரிடம் சொல்லுங்க, வெளிவராத டிசைனைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடாதீங்க, பிராண்ட் லேபிள் வெளியே போகக் கூடாது" என்பதையும் காது கொடுத்துக் கேட்பார்கள். பதினைந்து நிமிஷம், தமிழில் ஒன்று, இந்தியில் ஒன்று, முடிந்தால் ஒடியாவில் ஒன்று. அவர்கள் லைனிலேயே நன்றாகப் பேசும் ஒருவரைப் பேச வையுங்கள். வீடியோ வேண்டாம்.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். கேன்டீனில் உட்கார வைத்தபோது பீஸ் ரேட் டெய்லர்களுக்கு அந்த நேரத்துக்குக் கூலி போட்டீர்களா? ஒரு மணி நேரம் மெஷினை விட்டு எழுந்தால் அவர்கள் காசு போகிறது. காசைப் பிடித்துக்கொண்டு பாதுகாப்பைச் சொல்லிக் கொடுத்தால் யார் காதில் ஏறும்? டீ நேரத்திலும் வைக்காதீர்கள், அது அவர்களுடையது.

ஆக எத்தனை குழு? எல்லாருக்கும் பொதுவாக ஒரு பதினைந்து நிமிஷம். அதன்மேல் சரக்கு, பணம், ஆட்களின் விவரம், கம்ப்யூட்டர், முதலாளி என்று ஐந்து. இதற்குமேல் பிரித்தால் உங்களால் பராமரிக்க முடியாது. ஒருவர் இரண்டு குழுவில் வரலாம், உங்கள் ஷிப்பிங் பையன் சரக்கிலும் பணத்திலும் கட்டாயம் வருவார். பொதுப் பாடத்தை மட்டும் அவருக்கு இரண்டு தடவை போடாதீர்கள்.

பராமரிப்பில்தான் எல்லாம் கவிழ்கிறது, அதனால் இங்கே கொஞ்சம் நில்லுங்கள். கோர்ஸ் மென்பொருளில் டிபார்ட்மெண்ட் பெயரை வைத்துத் தானாகக் குழு பிரிக்கும் வசதி இருக்கும். விற்பவர் அதைப் பெரிதாகக் காட்டுவார். உங்கள் எக்செல்லில் 'மெர்ச்', 'மெர்ச்சண்டைசிங்', 'எம்டிஎஸ்' என்று ஒரே டிபார்ட்மெண்ட் மூன்று பெயரில் இருந்தால் அது மூன்று குழு பிரிக்கும், அல்லது ஒன்றைக் கண்டுகொள்ளாமல் விடும். ஆகவே ஊழியர் ரெஜிஸ்டரில் 'கையில் இருப்பது' என்று ஒரு பத்தியைக் கூட்டுங்கள். அதில் நீங்கள் முடிவு செய்த ஐந்து சொற்களைத் தவிர வேறெதுவும் வரக் கூடாது. குழு பிரிப்பதை அந்தப் பத்தியில் கட்டுங்கள்.

செக்கிங்கில் இருந்த பெண்ணை டாக்குமெண்டேஷனுக்கு மாற்றுகிறீர்கள். சம்பளம் மாறும், இருக்கை மாறும், அந்தப் பத்தியை யாரும் தொட மாட்டார்கள். இதற்கு ஒரே வழி, பயிற்சியைச் சாவியோடு கட்டிவிடுவது. டோக்கன், பேங்க் லாகின், கேட் ரெஜிஸ்டர் எதையும் புதிதாக ஒருவர் கையில் கொடுக்கும் முன் அந்தக் குழுவின் பாடம் முடிந்திருக்க வேண்டும். பழைய இடத்தின் சாவியை அன்றே திரும்ப வாங்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை மார்ச்சில் எல்லாருக்கும் என்று வைத்தால், ஏப்ரலில் சேர்ந்தவர் பதினோரு மாதம் வெறுங்கையோடு நிற்பார்.

பொய் மெயில் அனுப்பி யார் மாட்டுகிறார்கள் என்று பார்க்கும் வசதியும் உங்கள் கோர்ஸோடு வந்திருக்கும். அதை நம்பி உட்காராதீர்கள். சுவிட்சர்லாந்தின் இடிஎச் சூரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு பெரிய நிறுவனத்தில் 14,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களிடம் 15 மாதம் பார்த்து 2022-இல் எழுதியது என்னவென்றால், மாட்டியவருக்கு உடனே பாடம் காட்டும் முறை அவர்களை அடுத்த தடவைக்குத் தேற்றவில்லை என்பதுதான். ஆனால் சந்தேக மெயிலைப் புகார் செய்ய ஒரு பொத்தான் கொடுத்தபோது ஊழியர்கள் சலிக்காமல் சரியாகப் புகார் செய்தார்கள். ஆகவே மாட்டியவர் பட்டியலை விட்டுவிட்டு, புகார் சொன்னவர் பட்டியலை எம்டிக்குக் காட்டுங்கள். தீபாவளி போனஸ் பெயரில் மட்டும் சோதனை மெயில் அனுப்பிவிடாதீர்கள். 2020 டிசம்பரில் கோடாடி என்ற அமெரிக்கக் கம்பெனி 650 டாலர் போனஸ் என்று ஊழியர்களுக்குச் சோதனை மெயில் அனுப்பிவிட்டுப் பிறகு மன்னிப்புக் கேட்டது. திருப்பூரில் செய்தால் மன்னிப்போடு முடியாது.

அடுத்த ஆடிட்டுக்கு அந்தப் பழைய 540 சான்றிதழையும் தூக்கிக் காட்டாதீர்கள். அவை பொய் என்பது ஆடிட்டருக்கு ஏற்கெனவே தெரியும். பதிலாக இப்படி எழுதிக் கொடுங்கள்: பழைய பயிற்சி பொருந்தவில்லை என்று கண்டுகொண்டோம், இப்படிப் பிரித்திருக்கிறோம், இந்தத் தேதியில் கேட் குழுவுக்கு நடத்தினோம், வந்தவர்கள் இவர்கள், சொல்லிக் கொடுத்தது இது. குறையைத் தானே கண்டுபிடித்துச் சொன்ன கம்பெனியை மறுபடி தோண்டிய ஆடிட்டரை நான் அதிகம் பார்த்ததில்லை.

புதுப்பிக்கும் விஷயம். 620 பேருக்கு மறுபடி வாங்க வேண்டாம். கம்ப்யூட்டர் முன் உட்காரும் 80 பேருக்கு மட்டும் விலை கேளுங்கள், 12 பாடத்தில் உங்களுக்கு வேண்டிய நாலைந்தைப் பொறுக்கிக் கொடுக்க முடியுமா, தமிழில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். மிச்சமாகும் காசில் பீஸ் ரேட் ஆட்களின் பதினைந்து நிமிஷக் கூலியைப் போடலாம். கேட் ரூமுக்கு நல்ல டார்ச் ஒன்றும் டேப் ஒன்றும் வாங்கிக் கொடுங்கள்; ராத்திரி கண்டெய்னருக்குள் செல்போன் வெளிச்சத்தில் கூரையைப் பார்க்க முடியாது.